ஒரு மருந்தின் விலையும் நான்கு நீதிக் கோட்பாடுகளும்: வணிக நெறிமுறைச் சிக்கலை அலசத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எம்.பி.ஏ. வகுப்பிலோ, சட்டக் கல்லூரியிலோ, சிவில் சர்வீசஸ் தேர்வின் நெறிமுறைத் தாளிலோ ஒரு கேஸ் ஸ்டடியைக் கொடுத்து, “நீதிக் கோட்பாடுகளின் அடிப்படையில் ஆராய்க” என்று கேட்பார்கள். வரும் விடைகளில் முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். பயன்பாட்டுவாதத்துக்கு ஒரு பத்தி, அமெரிக்கத் தத்துவ அறிஞர்களான ஜான் ரால்ஸுக்கு ஒரு பத்தி, ராபர்ட் நோசிக்குக்கு ஒரு பத்தி, கடைசியில் “எல்லாவற்றையும் சீர்தூக்கி முடிவெடுக்க வேண்டும்” என்று ஒரு வரி. இந்த விடையில் நிறுவனத்தின் பெயரை மட்டும் மாற்றினால் வேறு எந்தச் சிக்கலுக்கும் அதையே எழுதிவிடலாம். அப்படியென்றால் கோட்பாடு அங்கே எந்த வேலையும் செய்யவில்லை என்றுதான் பொருள்.

ஒரு நீதிக் கோட்பாடு நமக்குத் தரும் முதல் உதவி, எந்தத் தகவலைத் தேடிப் போக வேண்டும் என்று காட்டுவது. தீர்ப்பு அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு கோட்பாடும் ஒரே சம்பவத்தில் வேறு வேறு உண்மைகளைக் கேட்கும். அந்த உண்மைகளைத் தேடிப் போனால், “இவர் இப்படித்தான் சொல்வார்” என்று நாம் முன்பே நினைத்து வைத்திருந்தது பல இடங்களில் தவறாகிவிடும். இதை வெறும் விதியாகச் சொன்னால் புரியாது. ஓர் உண்மையான வழக்கை எடுத்து, படிப்படியாகச் செய்து பார்ப்போம்.

எடுத்துக்கொள்ளும் வழக்கு: கிளிவெக்

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயை மருத்துவர்கள் சி.எம்.எல். என்று சுருக்கிச் சொல்வார்கள். இமாட்டினிப் என்ற மருந்து வருவதற்கு முன், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் இன்டர்ஃபெரான் ஊசியும்தான் முக்கியமான வழிகள். இரண்டுமே கடினமானவை. 2001 மே மாதம் அமெரிக்காவில் இமாட்டினிப்புக்கு அனுமதி கிடைத்தது. தினமும் சாப்பிடும் மருந்து. தொடர்ந்து சாப்பிட்டால் பெரும்பாலான நோயாளிகள் பல ஆண்டுகள் வாழ முடிந்தது. இந்தியாவில் அதை கிளிவெக் என்ற பெயரில் விற்றது சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் தலைமையகம் கொண்ட நோவார்ட்டிஸ்.

1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளுக்கு, செய்முறைக்கு மட்டுமே காப்புரிமை தந்தது. மருந்துப் பொருளுக்குத் தரவில்லை. அதனால் இந்திய நிறுவனங்கள் அதே மருந்தை வேறு வழியில் தயாரித்து மலிவாக விற்க முடிந்தது. உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் 2005 முதல் பொருளுக்கும் காப்புரிமை தர வேண்டியதாயிற்று. இடைப்பட்ட காலத்தில் வந்த விண்ணப்பங்களை வாங்கி அப்படியே வைத்திருந்தார்கள். நோவார்ட்டிஸ் 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் கொடுத்த விண்ணப்பம் அப்படிப்பட்டது. இமாட்டினிப் மெசிலேட் என்ற உப்பின் பீட்டா படிக வடிவத்துக்கு அதில் காப்புரிமை கேட்டிருந்தது. 2003இல் இந்தியாவில் தனி விற்பனை உரிமையும் கிடைத்தது.

விலைதான் சண்டைக்கு மூலம். கிளிவெக் மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய். ஹைதராபாத்தின் நாட்கோ உள்ளிட்ட நிறுவனங்களின் ஜெனரிக் மருந்து, அதாவது அதே மருந்தின் மலிவு வடிவம், 8,000 முதல் 10,000 ரூபாய். மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஜெனரிக் நிறுவனங்களும் காப்புரிமையை எதிர்த்தன. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நிராகரிப்புக்கான காரணங்களில் ஒன்று, தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை தருவதைக் கட்டுப்படுத்தும் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று நோவார்ட்டிஸ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2007 ஆகஸ்டில் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை கிடையாது என்று முடித்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. 2002 முதலே நோவார்ட்டிஸ் வாங்க வசதியில்லாதவர்களுக்கு கிளிவெக்கை இலவசமாகக் கொடுத்துவந்தது. இந்தியாவில் கிளிவெக் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் 95 சதவீதம் பேர், அதாவது 16,000க்கும் மேற்பட்டோர், இலவசமாகவே பெறுகிறார்கள் என்று 2013இல் அது சொன்னது. இந்த இலவசத் திட்டம் இருப்பதால்தான் இந்த வழக்கு பயிற்சிக்கு நல்லது. பேராசைக்கார நிறுவனம், பாவப்பட்ட நோயாளி என்று இரண்டே வரியில் கதையை முடிக்க அது விடாது.

முதல் படி: யார், எதை முடிவு செய்கிறார் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“நோவார்ட்டிஸ் செய்தது நியாயமா?” என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். வணிக நெறிமுறைச் சிக்கல் என்றால் முடிவெடுக்கும் இடத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அவர் கையில் சில வழிகள் இருக்க வேண்டும். நான் இப்படி எழுதுவேன்: “2006இல் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்த பிறகு, முழு விலை, இலவசத் திட்டம், நீதிமன்றப் போராட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்த தன் வழியை நோவார்ட்டிஸின் நிர்வாகக் குழு தொடர வேண்டுமா, அல்லது இந்தியாவுக்கென விலையைக் குறைப்பதோ, ராயல்டி வாங்கிக்கொண்டு ஜெனரிக் நிறுவனங்களுக்குத் தானே உரிமம் தருவதோ, வழக்கைக் கைவிடுவதோ சரியா?”

வாக்கியம் நீளம்தான். ஆனால் இதில் ஆள், காலம், வழிகள் எல்லாம் வந்துவிட்டன. “இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் சரியா?” என்பது அரசுக்கான கேள்வி, அதை இதோடு கலக்கக் கூடாது. பின்னால் ஓரிடத்தில் இரண்டும் உரசும். அப்போது தெரிந்தே உரசவிடலாம்.

நீதிமன்றத் தீர்ப்பை வைத்து நெறிமுறைக் கேள்வியை முடித்துவிடும் பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது என்ன? ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புது வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமென்றால், நோயைத் தீர்க்கும் திறன் கூடியிருக்க வேண்டும். உடல் மருந்தை ஏற்றுக்கொள்ளும் அளவு 30 சதவீதம் கூடியது என்பது மட்டும் அதற்குப் போதுமான நிரூபணம் ஆகாது என்பதுதான். 1,20,000 ரூபாய் விலை அநீதியா என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. ஒருவேளை நோவார்ட்டிஸ் ஜெயித்திருந்தாலும், அந்த விலை நீதியானது என்று ஆகியிருக்காது.

இரண்டாம் படி: தகவல்களைத் தரம் பிரியுங்கள்

ஒரு தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பதிவில் இருப்பவை, ஒரு தரப்பு சொல்பவை, இன்னும் தெரியாதவை. தேதிகள், தீர்ப்புகள், விலைகள் முதல் பத்தியில் போகும். 95 சதவீதம் என்ற கணக்கு இரண்டாவதில்.

அந்த 95 சதவீதத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு கொஞ்சம் நின்று பாருங்கள். எதில் 95 சதவீதம்? கிளிவெக் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில். நாட்டிலுள்ள எல்லா சி.எம்.எல். நோயாளிகளிலும் அல்ல. ஜெனரிக் வாங்கியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. நோய் என்னவென்றே கண்டுபிடிக்கப்படாதவர்களும், திட்டத்தில் இருக்கும் மருத்துவர் வரை போய்ச் சேராதவர்களும் இல்லை. ஆக, கணக்கு முழுக்க உண்மையாக இருந்தாலும் “இந்திய நோயாளிகளில் 95 சதவீதம் பேருக்கு இலவசம்” என்று எழுதினால் தவறு. சதவீதத்தைக் கண்டால் எதில் சதவீதம் என்று கேட்கும் பழக்கம் ஒன்றே பாதி விடையைச் சீராக்கிவிடும்.

பாதிக்கப்படுவோர் பட்டியலையும் இதே தாளில் எழுதலாம். முழு விலை கொடுக்கும் நோயாளி, இலவசமாகப் பெறுபவர், இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நடுத்தரக் குடும்பம், ஜெனரிக் நிறுவனங்களும் அவற்றின் தொழிலாளிகளும், இந்தியாவிலிருந்து மலிவு மருந்து வாங்கும் மற்ற ஏழை நாடுகள், பங்குதாரர்கள், இன்னும் மருந்தே கண்டுபிடிக்கப்படாத நோயால் நாளை பாதிக்கப்படப் போகிறவர்கள். கடைசியில் சொன்னவர்களைத்தான் எல்லோரும் மறப்பார்கள். மருந்து நிறுவனத்தின் தரப்பு வாதம் முழுக்க அவர்கள் பெயரில்தான் நிற்கிறது.

மூன்றாம் படி: ஒவ்வொரு கோட்பாட்டிடமும் அதன் கேள்வியைக் கேட்டு வாங்குங்கள்

இதற்கு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோட்பாட்டையும் முடிக்கும்போது, “எந்தத் தகவல் மாறினால் இந்தக் கோட்பாட்டின் முடிவு தலைகீழாகும்?” என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்தக் கோட்பாட்டை நீங்கள் இன்னும் பயன்படுத்தவே இல்லை.

பயன்பாட்டுவாதத்தில் தொடங்குவது எளிது. ஆங்கிலத் தத்துவ அறிஞர்கள் பெந்தாமும் மில்லும் காட்டிய வழி இது: பாதிக்கப்படும் எல்லோருடைய நலனையும் கூட்டிப் பார், எந்த வழியில் மொத்த நலன் அதிகமோ அதுவே சரி. மலிவு மருந்தால் உயிர்கள் பிழைக்கும், ஆகவே ஜெனரிக்தான் சரி என்று ஒரே மூச்சில் முடிப்பவர்கள் உண்டு. அது அரைக் கணக்கு. இன்றைய லாபம் குறைந்தால் நாளைய ஆராய்ச்சி குறையுமா என்பதும் கணக்கில் வர வேண்டும்.

இப்போது அந்த 95 சதவீதத்தை நிறுவனத்துக்கு எதிராகவே திருப்பலாம். கிளிவெக் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் 100க்கு 95 பேர் இலவசமாகப் பெறுகிறார்கள் என்றால், பணம் கட்டுவது 5 பேர்தான். அந்த 5 பேரின் பணத்தில்தான் உலகின் அடுத்த மருந்து கண்டுபிடிக்கப்படும் என்பது நம்பும்படி இல்லை. எனவே ஆராய்ச்சி வாதம் நிற்க வேண்டுமானால் வேறு காலில் நிற்க வேண்டும்: இந்தியாவில் விட்டுக்கொடுத்தால் மற்ற நாடுகளும் அதே விலையைக் கேட்கும், அதே சட்டத்தை எழுதும் என்ற பயம். அது நியாயமான வாதம்தான். நேர்மையாக எடுத்து எடைபோட வேண்டும். அதே எடையில் இன்னொரு தகவலும் ஏறும். அமெரிக்காவில் இந்த மருந்தின் விலை 2001இல் ஆண்டுக்குச் சுமார் 30,000 டாலர். 2012இல் சுமார் 92,000 டாலர். கண்டுபிடிப்புச் செலவு எப்போதோ முடிந்துபோன மருந்துக்கு விலை மூன்று மடங்கானது. 2013இல் நூற்றுக்கும் மேற்பட்ட சி.எம்.எல். நிபுணர்கள் ‘பிளட்’ மருத்துவ இதழில் இந்த விலைப் போக்கைக் கண்டித்து எழுதினார்கள். விலை ஆராய்ச்சிச் செலவை ஒட்டி நகர்கிறதா, சந்தை தாங்கும் அளவுக்கு நகர்கிறதா என்ற கேள்விக்கு இது ஒரு சான்று.

தலைகீழாக்கும் தகவல்: இந்தியா போன்ற நாடுகளில் காப்புரிமை தளர்ந்தால் புதிய மருந்துகளின் வரத்து உண்மையிலேயே குறையும் என்று காட்டப்பட்டால், கணக்கு மறுபக்கம் சாயும்.

அடுத்து நோசிக். இங்கேதான் அதிகம் சறுக்குவார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம். 1974இல் அவர் முன்வைத்த வாதத்தில், யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது நீதிக்கு முக்கியமில்லை. எப்படி வந்தது என்பதுதான் முக்கியம். முதலில் நேர்மையாக அடைந்ததா, பிறகு விருப்பத்தோடு கைமாறியதா, முன்பு அநீதி நடந்திருந்தால் அது சரிசெய்யப்பட்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால், பங்கீடு எவ்வளவு ஏற்றத்தாழ்வாக இருந்தாலும் நீதியே. “ஆகவே நோசிக் நிறுவனத்தின் பக்கம்” என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது வழக்கம்.

போகாதீர்கள். காப்புரிமை என்பது வீடு, நிலம் போன்ற சொத்தா? என் சொந்த ஆலையில், என் சொந்த மூலப்பொருளில் நான் ஒரு மருந்து தயாரிப்பதை அரசின் பலத்தோடு தடுப்பது அது. அரசின் தலையீட்டை இவ்வளவு வெறுத்த சிந்தனையாளருக்கு இது உறுத்தாமல் இருக்குமா? நோசிக்கே இதை எடுத்துப் பேசியிருக்கிறார். ஒரு நோய்க்குப் புது மருந்தை உருவாக்கிய ஆராய்ச்சியாளர், தன் நிபந்தனையில்தான் விற்பேன் என்று சொன்னால், அவர் யாருடைய நிலையையும் மோசமாக்கவில்லை என்கிறார். அவர் இல்லாவிட்டால் மருந்தே இருந்திருக்காது. ஆனால் அதே மருந்தை வேறொருவர் சுயமாகக் கண்டுபிடித்தால் அவரைத் தடுக்கக் கூடாது. காப்புரிமைக்குக் கால வரம்பு வைப்பதையும் அவர் ஏற்கிறார்: முதலில் கண்டுபிடித்தவர் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் இன்னொருவர் எத்தனை காலத்தில் கண்டுபிடித்திருப்பார் என்பதற்கு அது ஒரு தோராயமான அளவு.

இதை வழக்கில் பொருத்துங்கள். இந்திய ஜெனரிக் நிறுவனங்கள் இமாட்டினிப்பைச் சுயமாகக் கண்டுபிடித்தவை அல்ல. அந்தச் சலுகை அவற்றுக்குக் கிடைக்காது. இது நிறுவனத்துக்குச் சாதகம். மறுபக்கம், இமாட்டினிப் மூலக்கூறு 1990களின் தொடக்கத்திலேயே வெளிநாட்டுக் காப்புரிமையில் வந்துவிட்டது. இந்தியாவில் கேட்டது அதன் ஒரு படிக வடிவத்துக்கு. புது வடிவம் ஒன்றைக் காட்டிக் கால வரம்பை நீட்டிக்கொள்ளலாமா என்ற கேள்வி நோசிக்கின் கணக்கிலேயே எழுகிறது. 3(டி) பிரிவு கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். இன்னும் பின்னால் போனால், இந்த நோயோடு தொடர்புள்ள குரோமோசோம் மாற்றம் 1960இல் பிலடெல்பியாவில் கண்டறியப்பட்டது. இமாட்டினிப்பை ஆய்வகத்தில் சோதித்து, நோயாளிகளிடம் சோதிக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்திய பிரையன் டிரக்கர் ஓரிகன் உடல்நல அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அவருடைய ஆய்வுக்கு அரசுப் பணமும் அறக்கட்டளைப் பணமும் வந்தன. மூலக்கூறை உருவாக்கி, சோதனைகளை நடத்தி, மருந்தாக்கியது நிறுவனம். அப்படியானால் முதல் உடைமை முழுக்க யாருடையது? வரலாற்றைக் கேட்பது நோசிக்கின் கோட்பாடுதான், ஆகவே வரலாற்றைத் தோண்டாமல் அதைப் பயன்படுத்த முடியாது. சுதந்திரவாதிகளிலேயே அறிவுசார் சொத்துரிமையை அடியோடு மறுப்பவர்கள் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

தலைகீழாக்கும் தகவல்: ஓர் இந்திய ஆய்வகம் இதே மருந்தைத் தானாகவே கண்டுபிடித்திருந்தால், அதைத் தடுக்க நோவார்ட்டிஸுக்கு உரிமை இல்லை.

சரி, ரால்ஸ். 1971இல் அவர் சொன்ன யோசனை பலருக்கும் தெரியும்: நாம் பணக்காரரா ஏழையா, ஆரோக்கியமானவரா நோயாளியா என்று தெரியாத ஓர் அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று சமூகத்தின் விதிகளைத் தேர்ந்தெடுத்தால் எவற்றைத் தேர்வோம்? சம சுதந்திரத்தையும், நியாயமான வாய்ப்புச் சமத்துவத்தையும் தேர்வோம். ஏற்றத்தாழ்வு இருக்கலாம், ஆனால் கடைநிலையில் இருப்பவருக்கு அது நன்மை தர வேண்டும் என்போம். இதை நேரடியாக “நிறுவனம் ஏழைக்கு நன்மை செய்ய வேண்டும்” என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள். ரால்ஸ் தன் கொள்கைகளைச் சமூகத்தின் அடிப்படை அமைப்புக்காகச் சொன்னார். ஒரு தனி நிறுவனம் என்ன விலை வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை. உடல்நலம் பற்றியும் கவனம் வேண்டும். எல்லோருடைய உடல் தேவைகளும் இயல்பான எல்லைக்குள் இருக்கின்றன என்று அவர் எளிமைக்காக வைத்துக்கொண்டார். நோயை வாய்ப்புச் சமத்துவத்தோடு இணைத்து அந்தக் கோட்பாட்டை விரித்தவர் நார்மன் டேனியல்ஸ். இன்னொன்று: கடைநிலையாளர் கொள்கையை ரால்ஸ் ஒரு சமூகத்துக்குள்தான் வைத்தார், நாடுகளுக்கு இடையில் நீட்டவில்லை. சுவிஸ் நிறுவனத்துக்கும் இந்திய நோயாளிக்கும் நடுவில் அதைப் பொருத்த வேண்டுமென்றால், தாமஸ் போகே போன்றவர்கள் செய்தது போல உலக அளவில் நீட்டுகிறேன் என்று நீங்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

இத்தனை தடையையும் தாண்டி ரால்ஸ் நிறுவனத்திடம் ஒன்று கேட்க முடியும். நியாயமான அமைப்புகளை ஆதரிப்பதும், அவற்றை உருவாக்கத் துணைநிற்பதும் ஒவ்வொருவரின் இயல்பான கடமை என்கிறார். அந்தக் கடமையை நிறுவனத்துக்கும் பொருத்தினால், விலையைவிடப் பெரிதாகத் தெரிவது 2006–07இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்குதான். தன் விண்ணப்பத்துக்காக வாதாடுவது ஒன்று. கடைநிலை நோயாளிகளைக் காக்கும் சட்டப் பிரிவையே நீக்கக் கேட்பது வேறு. பிந்தையது கிளிவெக்கோடு நிற்காது; எச்.ஐ.வி. மருந்து, மற்ற புற்றுநோய் மருந்து என்று எல்லாவற்றையும் தொடும். இங்கேதான் நிறுவனத்தின் முடிவும் அரசின் விதியும் உரசுகின்றன. என் பார்வையில் இந்த வழக்கின் கனமான பகுதி இதுவே, மாத விலை அல்ல.

இலவசத் திட்டத்தையும் ரால்ஸின் கண்ணால் பார்க்க வேண்டும். அடிப்படை நலன்களில் சுயமரியாதைக்கு அவர் மிக உயர்ந்த இடம் கொடுத்தார். வருமானச் சான்றைக் காட்டி, பதிவு செய்து, நிறுவனத்தின் தயவில் மருந்து வாங்குகிறவருக்கு மருந்து கிடைக்கிறது, உரிமை கிடைக்கவில்லை. நாளை திட்டத்தை நிறுத்தினால் கேட்க அவருக்கு எந்த இடமும் இல்லை. தினமும் சாப்பிட வேண்டிய மருந்தில் இது சின்ன விஷயம் இல்லை. ஆனாலும் அந்தத் திட்டத்தால் உயிரோடு இருந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். இதை எழுதும்போது கையை அடக்கி எழுதுங்கள். தயவு உரிமையாகாது என்று சொல்லலாம், சொல்ல வேண்டும். தயவே வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் நமக்கு இல்லை.

தலைகீழாக்கும் தகவல்: 3(டி) போன்ற பிரிவு ஏழை நோயாளிகளுக்கு நாளடைவில் தீமையே செய்கிறது என்று காட்டினால், ரால்ஸ் அதற்கு எதிராகவே திரும்புவார்.

அமர்த்தியா சென்னிடம் சுருக்கமாகவே போகலாம். ஆனால் அவர் கேட்பது கூர்மையானது. முழு நீதியான அமைப்பைத் தேடுவதை விடுத்து, கையிலுள்ள வழிகளில் எது அநீதியைக் குறைக்கிறது என்று ஒப்பிடு. சட்டத்தில் இருப்பதைப் பார்க்காமல் மனிதர்களால் உண்மையில் என்ன செய்ய முடிகிறது என்று பார் என்பார். அப்படிப் பார்த்தால் ஜெனரிக் தரப்பும் தப்பாது. அந்த ஆண்டுகளில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு மாதம் 8,000 ரூபாயும் எட்டாத விலைதான். இலவச மருந்து இருந்தாலும் அதைத் தரும் மருத்துவமனைக்குப் பயணச் செலவு, அடிக்கடி ரத்தப் பரிசோதனை, வேலைக்குப் போக முடியாத நாட்கள் இவையெல்லாம் உண்டு. ஜெனரிக் ஜெயித்ததும் நீதி வந்துவிட்டது என்று எழுதுகிறவர்கள் இந்தக் குடும்பத்தைப் பார்க்கவில்லை. மருந்து விலை குறைவதோடு அரசு காப்பீடும் அரசு மருத்துவமனையும் வந்தால்தான் அவர்களுக்கு வாசல் திறக்கும். தலைகீழாக்கும் தகவலை இங்கே நீங்களே எழுதிப் பாருங்கள்.

நான்காம் படி: எங்கே மோதுகின்றன என்று கண்டுபிடியுங்கள்

நான்கு பத்திகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ராயல்டி வாங்கிக்கொண்டு ஜெனரிக் நிறுவனங்களுக்குத் தானே உரிமம் தருவது என்ற வழியை நான்குமே எதிர்க்கவில்லை. பயன்பாட்டுவாதத்துக்கு நலன் கூடுகிறது, ரால்ஸின் கடைநிலையாளருக்கு நன்மை, சென்னின் ஒப்பீட்டில் அநீதி குறைகிறது, நோசிக்குக்கு அது விருப்பத்தோடு நடக்கும் கைமாற்றம். இதைக் கண்டதும் “எல்லாக் கோட்பாடுகளும் ஒத்துப்போகின்றன” என்று முடித்துவிடத் தோன்றும்.

ஆனால் ஒப்புதலின் தன்மை வேறு. நோசிக் சொல்வது “செய்யலாம்”. ரால்ஸ் சொல்வது “செய்ய வேண்டும்”. நிறுவனம் செய்யாவிட்டால் நோசிக்கின் பார்வையில் அது பெருந்தன்மை இல்லாதது, அவ்வளவுதான். அதை வற்புறுத்த யாருக்கும் உரிமை கிடையாது. ரால்ஸின் பார்வையில் அது ஒரு கடமையிலிருந்து தவறுகிறது; அப்படித் தவறாதபடி விதிகளை அமைக்க அரசுக்கும் இடம் உண்டு. ஒரே செயலைப் பரிந்துரைத்தாலும், செய்யாதவரை என்ன செய்வது என்பதில் இரண்டும் பிரிகின்றன. கேஸ் ஸ்டடியில் மதிப்பெண் கிடைக்கும் இடமும், வேலையில் சேர்ந்த பிறகு உண்மையான சண்டை வரும் இடமும் இதுதான்.

மோதலை இன்னொரு விதமாகவும் பிரித்துப் பார்க்கலாம். பயன்பாட்டுவாதத்துக்கும் மற்றவற்றுக்கும் நடுவிலுள்ள சண்டையில் பாதி தகவல் பற்றியது: ஆராய்ச்சி குறையுமா, குறையாதா? தகவல் கிடைத்தால் அந்தப் பாதி தீரும். நோசிக்குக்கும் ரால்ஸுக்கும் இடையில் உள்ளது எந்தத் தகவலாலும் தீராது. அது மதிப்பீட்டின் சண்டை. எது எது என்று விடையில் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: முடிவெடுங்கள், அதன் விலையையும் சொல்லுங்கள்

“சமநிலை வேண்டும்” என்பது முடிவு ஆகாது. என் முடிவு இது: நிறுவனம் இலவசத் திட்டத்தை நிறுத்தக் கூடாது, தன் விண்ணப்பத்துக்காக வாதாடலாம், ஆனால் 3(டி) பிரிவை நீக்கக் கேட்டிருக்கக் கூடாது, ஜெனரிக் நிறுவனங்களோடு ராயல்டி ஒப்பந்தத்துக்கு வர முயன்றிருக்க வேண்டும். தயவில் நிற்கும் உயிரைவிட விலையால் எட்டக்கூடிய மருந்தில் நிற்கும் உயிர் பாதுகாப்பானது என்பது என் காரணம்.

இதற்கு விலை உண்டு. மற்ற நாடுகளும் அதே ராயல்டி ஒப்பந்தத்தைக் கேட்கலாம். மலிவு மருந்து பணக்கார நாடுகளின் சந்தைக்குள் கசியலாம். பங்குதாரர்கள் கேள்வி கேட்பார்கள். இவை எதுவும் கற்பனைப் பயம் அல்ல. நிர்வாகக் குழுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு என் முடிவைப் படிக்கக் கொடுத்தால், “எங்கள் பயத்தை இவர் புரிந்துகொண்டுதான் மறுக்கிறார்” என்று அவருக்குத் தோன்ற வேண்டும். அப்படித் தோன்றாவிட்டால் விடையைத் திருப்பி எழுத வேண்டும்.

தேர்வில் எழுதும்போது இடம் குறைவு. நான்கு கோட்பாட்டையும் இழுத்துப் போடாமல், உண்மையில் மோதும் இரண்டை எடுத்து ஆழமாகப் போவது நல்லது. கோட்பாட்டின் விளக்கத்தை ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். திருத்துகிறவருக்கு ரால்ஸ் யாரென்று தெரியும்.

செய்து பார்க்க ஒரு வழக்கு

நெக்ஸாவர், மருந்தின் பெயர் சோராஃபெனிப். முற்றிய சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கு பேயர் நிறுவனம் விற்றது. மாதச் செலவு 2,80,428 ரூபாய். இங்கே காப்புரிமை செல்லுபடியானது. 2012 மார்ச் 9 அன்று இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் (காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலே இன்னொருவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) நாட்கோவுக்கு வழங்கப்பட்டது: மாதத்துக்கு 8,880 ரூபாய்க்கு விற்க வேண்டும், பேயருக்கு 6 சதவீத ராயல்டி தர வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது 600 ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகத் தர வேண்டும். மேல்முறையீட்டில் ராயல்டி 7 சதவீதமானது. இந்த மருந்து பெரும்பாலும் ஆயுளை மாதக் கணக்கில் நீட்டிக்கும். கிளிவெக் போல ஆண்டுக் கணக்கில் அல்ல.

முடிவெடுப்பவராக பேயரையும் வைக்கலாம், நாட்கோவையும் வைக்கலாம். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரே வாக்கியத்தில் சிக்கலை எழுதுங்கள். மாதக் கணக்கில் நீளும் ஆயுள் என்ற தகவல் பயன்பாட்டுவாதத்தின் கணக்கை எவ்வளவு மாற்றுகிறது, ரால்ஸின் கணக்கையும் அதே அளவு மாற்றுகிறதா என்று பாருங்கள். பிறகு நோசிக்கிடம் வாருங்கள்: கிளிவெக்கில் அரசு ஓர் உரிமையைத் தர மறுத்தது, நெக்ஸாவரில் தந்த உரிமைக்குள் இன்னொருவரை நுழையவிட்டுப் பணமும் வாங்கிக் கொடுத்தது. இரண்டில் எது அவருக்கு அதிகம் உறுத்தும், ஏன்?